தனியார் ஜெட்டில் பயணிகளை எப்படி வரவேற்பது? ஏர்லைன்ஸிலிருந்து மாறுகிறேன்

ஜன்னலோரம்:

வணக்கம் எல்லாருக்கும். ஐந்து வருடம் ஏர்லைன்ஸில் கேபின் க்ரூவாக இருந்தேன், எல்லாம் 180 பேர் உட்காரும் விமானங்கள். இப்போது ஒரு சார்ட்டர் நிறுவனத்தில், அதாவது விமானத்தை வாடகைக்கு விடும் நிறுவனத்தில், சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டு இருக்கை உள்ள பெரிய ஜெட், இரண்டு பைலட்கள், கேபினில் நான் ஒருத்தி மட்டும். தீ, புகை, முதலுதவி, தண்ணீரில் இறங்கினால் ராஃப்ட் என்று பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடிந்துவிட்டது, அதில் பயமில்லை.

பயம் வேறு இடத்தில். ஏர்லைன்ஸில் வாசலில் நின்று ஒரே வாக்கியத்தை 180 முறை சொல்லி, போர்டிங் பாஸைப் பார்த்து கை காட்டினால் வேலை முடிந்தது. இங்கே வருவது நான்கே பேர். அந்த நான்கு பேரிடம் என்ன சொல்வது, எங்கே நிற்பது, முதலில் பேசுவது நானா கேப்டனா, பெயர் சொல்லி அழைக்கலாமா, அவர்கள் கை நீட்டாமல் நான் நீட்டலாமா, ஒன்றும் புரியவில்லை. அதற்கு முன்னால் எத்தனை மணிக்குப் போய் என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதும் தெளிவாக இல்லை. கேப்டனைக் கேட்டால் "நார்மலா இரும்மா" என்கிறார். எது நார்மல் என்றுதான் கேட்கிறேன்! முதல் பயணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழையசூட்கேஸ்:

வாழ்த்துகள். பத்து வருடமாக இதே வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வரவேற்பு என்று நீங்கள் சொல்வது மொத்தம் முப்பது நொடிதான். அந்த முப்பது நொடி நன்றாக இருக்க வேண்டுமானால் அதற்கு முன் இரண்டு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும், உண்மையில் முந்தின நாளே ஆரம்பித்திருக்க வேண்டும். முதலில் விருப்பக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். யார் வருகிறார்கள், எந்த இருக்கையில் உட்காருவது வழக்கம், எதைச் சாப்பிட்டால் ஒவ்வாமை, பேச்சுக்கொடுத்தால் பிடிக்குமா பிடிக்காதா, நாய் வருகிறதா, குழந்தைக்கு எத்தனை வயது, எல்லாம் அதில் இருக்கும். குறிப்பு காலியாக வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், பயணியின் உதவியாளருக்கு ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும்: ஒவ்வாமை என்ன, ஏறியவுடன் தூங்குவாரா வேலை பார்ப்பாரா, குடிக்க என்ன. மீதியை விமானத்தில் தெரிந்துகொள்ளலாம்.

நான் புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் விமானத்தில் இருப்பேன். ஒரு மணி நேரம் முன்னால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் இவர்கள் தாமதமாக வருவதைப் போலவே சீக்கிரமும் வருவார்கள், சொல்லாமல் வருவார்கள். பைலட்கள் வானிலை, எரிபொருள், எடைக் கணக்கு என்று அவர்கள் வேலையில் இருக்கும்போது நான் முதலில் பார்ப்பது பாதுகாப்புச் சாமான்கள். தீயணைப்பான், ஆக்ஸிஜன், லைஃப் ஜாக்கெட், முதலுதவிப் பெட்டி எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பூவும் போர்வையும். அடுத்தது கழிப்பறைத் தண்ணீர், குடிநீர்த் தொட்டி, வைஃபை, சார்ஜர் கேபிள்கள். சீட் பெல்ட்களை ஒரே மாதிரி குறுக்காக மடித்து வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அப்புறம் ஒவ்வொரு இருக்கையிலும் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாத விரல் ரேகை, ஜன்னல் கறை, மேசை விளிம்பில் காய்ந்த காபி, எல்லாம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

சாப்பாடு பற்றி. வெளியிலிருந்து குளிர்ந்த நிலையில் தட்டுகளில் வரும், நீங்கள்தான் சூடாக்கிப் பீங்கானில் அடுக்க வேண்டும். (இங்கே சமையல் மூலையை ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தையைத் தமிழில் எழுதினால் 'கேலி' என்று வருகிறது. முதல் மாதம் எனக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.) பெட்டி வந்தவுடன் திறந்து, எண்ணி, முகர்ந்து பார்த்துவிடுங்கள். கதவை மூடிய பிறகு முட்கரண்டி குறைகிறது என்றால் கடைக்கு ஓட முடியாது. கேபின் காற்றில் ஈரப்பதம் ரொம்பக் குறைவு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அழுத்தமும் தரையில் இருப்பது போல இருக்காது. அதனால் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கலாகத் தெரியும், கீழே சரியாக இருந்த சூப் மேலே சப்பென்று இருக்கும். தண்ணீரும் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல இருந்தால் 92 டிகிரியிலேயே கொதிக்கும். புது பெரிய ஜெட்களில் இந்தக் கணக்கு 5,000 அடிக்கும் கீழேயே இருக்கும், அங்கேகூட 95 டிகிரி சுமார்தான். தேநீர் இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்.

பூ வைத்தால் லில்லி வேண்டாம். மகரந்தம் வெளிர் நிறத் தோல் இருக்கையில் பட்டால் போகவே போகாது. வாசனைத் திரவியம் நீங்களும் போடாதீர்கள்.

இப்போது வாசல். எங்கள் வழக்கம் இது: கேப்டன் படிக்குக் கீழே நிற்பார், முதலில் பேசுவது அவர். கோ-பைலட் பெட்டிகளைக் கவனிப்பார். நான் படிக்கு மேலே, கதவுக்கு உள்ளே. கோட் பட்டன் போட்டிருக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி கழற்றியிருக்க வேண்டும், கையில் போன் இருக்கவே கூடாது. போனைப் பார்த்தால் அவர்களுக்கு முதலில் தோன்றுவது 'படம் எடுத்திருப்பாளோ' என்பதுதான். முதல் தடவை குடும்பப் பெயரோடு மரியாதையாக அழையுங்கள், அவர்களே 'பெயர் சொல்லிக் கூப்பிடு' என்றால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். கை அவர்கள் நீட்டினால் கொடுங்கள், நீங்களாக நீட்ட வேண்டாம். உங்கள் பெயர், ஒரு வரி, அவ்வளவுதான். விமானத்தின் சிறப்புகளை வாசலிலேயே ஒப்பிக்காதீர்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதம், முக்கியப் பயணி படியேறி வருகிறார், நான் கண்ணாடி முன் பழகிய சிரிப்போடு நல்ல கணீர்க் குரலில் வரவேற்றேன். அவர் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் குரலைக் கேட்டு எழுந்து, விமானம் மேலே ஏறி நேராகும்வரை அழுதது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வாய் திறப்பதற்கு முன் அவர்கள் காரிலிருந்து படிவரை நடக்கும் அந்த இருபது அடியைப் பார்ப்பேன். போனில் பேசிக்கொண்டு வருகிறாரா, சண்டை போட்டுவிட்டு வருகிறார்களா, கண் சிவந்திருக்கிறதா. ஒரு இறுதிச் சடங்குக்குப் போகிறவருக்கும் விடுமுறைக்குப் போகிறவருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுக்க முடியாது. உங்கள் கேப்டன் 'நார்மலா இரு' என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வலதுசீட்:

சூட்கேஸ் அக்கா எழுதியது பெரிய ஜெட் கதை. சின்ன ஜெட் பக்கம் எப்படி என்று நான் சொல்கிறேன், ஜன்னலோரத்துக்கு நேரடியாகப் பயன்படாவிட்டாலும் தெரிந்துகொள்ளட்டும்.

அமெரிக்க, ஐரோப்பிய விதிகளில் 19 பயணி இருக்கை வரை கேபின் க்ரூ கட்டாயமில்லை. அதனால் ஆறேழு பேர் போகும் ஜெட்டில் உபசரிப்பவர் யார் என்றால் கோ-பைலட், அதாவது நான். காலையில் எரிபொருள் எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் போட்ட அதே கையால்தான் ஐஸ் பெட்டியில் ஐஸ் கொட்டுகிறேன், காபி பிளாஸ்க் நிரப்புகிறேன், தரை விரிப்பைச் சின்ன வேக்குவத்தால் இழுக்கிறேன். பைலட் பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் விமானத்தில் ஏ.பி.யு (பெரிய எஞ்சின்களைப் போடாமலே மின்சாரமும் ஏசியும் தரும் சின்ன துணை எஞ்சின்) கிடையாது. வெயிலில் நின்றால் உள்ளே அடுப்பு. தரை மின்சார வண்டி கொண்டுவந்து கொடுத்தால்தான் ஏசி ஓடும், அதனால் பயணி வரும் நேரம் எனக்குக் கிட்டத்தட்ட சரியாகத் தெரிய வேண்டும். ஏ.பி.யு இருக்கும் விமானங்களும் நினைத்தபோது போட்டுவிட முடியாது, சத்தத்துக்காகச் சில விமான நிலையங்களில் இத்தனை நிமிடம்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

என் முதல் வரவேற்பு வாக்கியம் என்ன தெரியுமா? "தலை பத்திரம் சார்." ஃபீனம் 300 மாதிரி ஜெட்டில் கேபின் உயரம் 1.5 மீட்டர்தான். கல்ஃப்ஸ்ட்ரீம் 650ல் 1.9 மீட்டருக்கு மேல், அங்கே நிமிர்ந்து நடக்கலாம். எங்களிடம் கோடிக்கணக்கில் வைத்திருப்பவரும் குனிந்துதான் வர வேண்டும். படியும் அப்படித்தான், சில விமானங்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம், பின்னாலேயே அவசரமாக வருபவரை நயமாக நிறுத்துவது ஒரு தனிக் கலை.

இன்னொன்று, பெட்டி. எங்கள் சாமான் அறை வெளியே திறக்கும், பறக்கும்போது கை எட்டாது. அதனால் பூட்டுவதற்கு முன் "இதில் பயணத்தின்போது தேவைப்படும் எதுவும் இருக்கிறதா? மருந்து, சார்ஜர், பவர் பேங்க்?" என்று கட்டாயம் கேட்பேன். பவர் பேங்க் கேபினில்தான் வர வேண்டும், அது பாதுகாப்பு விஷயம். மருந்து எதற்கென்றால், ஒருமுறை கேட்காமல் விட்டேன், மேலே போன பிறகு ஒரு பெரியவர் மாத்திரை பின்னால் இருக்கிறது என்றார். நல்லவேளை அவசர மாத்திரை இல்லை. ஆனாலும் அந்த ஒன்றேகால் மணி நேரமும் எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

எண்ணிக்கையும் முக்கியம். நான்கு பேர், ஆறு பெட்டி என்று சொல்லிவிட்டு ஆறு பேர், பதினைந்து பெட்டியோடு வருவார்கள். சிரித்த முகத்தோடு மறுபடி எடைக் கணக்குப் போட வேண்டும், சில சமயம் சிரித்த முகத்தோடே முடியாது என்றும் சொல்ல வேண்டும். வெளிநாடு போவதென்றால் பட்டியலில் இல்லாத ஆள் வந்தால் இன்னும் தலைவலி. உதாரணத்துக்கு, அமெரிக்காவுக்குப் போகும் தனியார் விமானம் பயணிகள் விவரத்தைப் புறப்பட 60 நிமிடம் முன்னாலேயே அனுப்பியிருக்க வேண்டும். "என் மச்சானும் வருகிறான்" என்று கடைசி நேரத்தில் ஒருவரைக் கூட்டிவந்தால் பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டு எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி முகத்தைப் பார்த்துச் சரிபாருங்கள், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

மஞ்சள்ஜாக்கெட்:

தரையில் நிற்பவன் பேசுகிறேன். தனியார் டெர்மினலில் வேலை. நீங்கள் எல்லாரும் படியில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது கீழே மழையில் குடை பிடித்து நிற்பது நாங்கள்தான், அதையும் பதிவு செய்கிறேன் :)

ஜன்னலோரம், ஒரே ஒரு உதவி: போனவுடன் எங்களிடம் பேசுங்கள். டிரைவர் கிளம்பியவுடன் தகவல் எங்களுக்குத்தான் முதலில் வரும், உங்களிடம் நல்ல பழக்கம் இருந்தால் உடனே உங்களுக்குச் சொல்வோம். உங்கள் தட்டுகளைக் கழுவித் தருவது, ஐஸ் கொண்டுவருவது, கேட்டரிங் வண்டியை உள்ளே விடுவது எல்லாம் எங்கள் கை. கோபமாகப் பேசிய க்ரூவுக்கும் ஐஸ் கிடைக்கும், ஆனால் கடைசியில் கிடைக்கும்.

கார் விமானம்வரை வர அனுமதி உள்ள இடங்களில் அதை நாங்கள் வழிகாட்டிக் கொண்டுவருவோம், இறக்கைக்குக் கீழே போகாமல் படிக்கு எதிரே நிறுத்துவோம். படிக்கட்டில் விரிக்கும் சிவப்பு விரிப்பு பார்க்க அழகுதான், ஆனால் காற்றில் பறந்து எஞ்சினுக்குள் போனால் அந்த எஞ்சின் கதி அவ்வளவுதான். அதனால் கதவு மூடியவுடன் விரிப்பைச் சுருட்டியாயிற்று என்று நாங்கள் கையால் சைகை காட்டுவோம், பைலட் அதைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும். நாய் வந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். திறந்த படியைப் பார்த்தாலே சில நாய்கள் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும், பக்கத்து விமானத்தின் சத்தம் வேறு. தூக்கிக்கொண்டு ஏற்றுவதே நல்லது, யார் தூக்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கடைசியில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

சும்மாகேட்டேன்:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் நான்கு பேர் உட்காருவதற்கு இத்தனை பேர் இரண்டு மணி நேரம் ஓட வேண்டுமா? தண்ணீர் பாட்டிலை அவர்களே எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

பழையசூட்கேஸ்:

நியாயமான கேள்விதான். பாதிப் பேர் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், நிஜமாகச் சொல்கிறேன். அதிகம் அலட்டுவது முதல் தடவை வாடகைக்கு எடுத்தவர்கள், வாரம் மூன்று முறை பறப்பவருக்கு அமைதியும் போர்வையும் போதும். இதில் வீணாகும் விஷயங்கள் உண்டு, மறுக்கவில்லை. யாருமே இல்லாமல் விமானத்தை மட்டும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் காலிப் பயணங்கள் இந்தத் தொழிலில் ரொம்பச் சாதாரணம், அது எனக்கே உறுத்தும். ஆனால் புகை வந்தால் கதவைத் திறப்பதும் அதே ஆள்தான் என்பதால் பாட்டில் எடுத்துத் தருவதை மட்டும் வைத்து வேலையை அளக்காதீர்கள்.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அச்சடித்து வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, பாதுகாப்பு விளக்கம் ஆரம்பித்தால் "எனக்குத் தெரியும், விடும்மா" என்பார்களாமே, அப்போது? இரண்டு, ஆள் வரவே இல்லை, ஒரு மணி நேரம் தாமதம் என்றால் நான் என்ன செய்வது?

வலதுசீட்:

விளக்கம் கட்டாயம், விடக்கூடாது. ஆனால் ஏர்லைன்ஸ் மாதிரி கை ஆட்டிச் செய்தால் நான்கு பேர் முன்னால் நாடகம் போல இருக்கும். பெல்ட், வெளியேறும் கதவு, ஆக்ஸிஜன், லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், பாதுகாப்பு அட்டை எங்கே இருக்கிறது, இவ்வளவையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். "தெரியும்" என்பவரிடம் நான் "உங்களுக்குத் தெரியும் சார், இந்த விமானத்தில் கதவுக் கைப்பிடி மட்டும் வேறு மாதிரி" என்பேன். உடனே திரும்பிப் பார்ப்பார். கைப்பிடி விமானத்துக்கு விமானம் மாறுவதும் உண்மைதான்.

தாமதத்துக்கு விமானம் காத்திருக்கும், அதற்குத்தானே காசு. காத்திருக்காதவை இரண்டு. ஒன்று ஸ்லாட். ஐரோப்பாவில் நெரிசலுக்காகப் புறப்பாட்டு நேரம் கொடுத்துவிட்டால் அதற்கு 5 நிமிடம் முன்னாலிருந்து 10 நிமிடம் பின்னால் வரைதான் கணக்கு, விட்டால் வரிசையில் மறுபடி நிற்க வேண்டும். இன்னொன்று எங்கள் பணி நேரம். பயணி ஓட்டலில் காபி குடிக்கும்போதும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், தீர்ந்துவிட்டால் யார் வந்து கேட்டாலும் பறக்க முடியாது. அதைச் சொல்வது கேப்டன் வேலை, நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது சூடான உணவை அடுப்பில் வைக்காமல் இருப்பது, ஐஸை மாற்றுவது, அப்புறம் நீங்களும் ஏதாவது சாப்பிடுவது. அவர்கள் வந்த பிறகு உங்களுக்கு நேரம் கிடைக்காது.

ஜன்னலோரம்:

முதல் பயணம் முடிந்து வந்துவிட்டேன்! சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

இரண்டு மணி நேரம் முன்னால் போனேன். எல்லாம் அக்கா சொன்ன வரிசைப்படி. கடைசியாக ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தேன், மூன்றாவது இருக்கையின் மேசைக்குக் கீழே யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம் கிடைத்தது. அதை முட்டிபோட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து கேப்டன் குரல். ஐம்பது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்! கோட் பட்டன் போடவில்லை, தோளில் துடைக்கும் துணி, கையில் பிளாஸ்டிக் கத்தி. அப்படியே வாசலுக்கு ஓடினேன். பழகி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. "வாங்க சார், ஒரு நிமிஷம்" என்றுதான் வந்தது. அவர் கத்தியைப் பார்த்துவிட்டு, "நான்தான் சீக்கிரம் வந்துட்டேன், நீங்க முடிங்க" என்று சொல்லி, படிக்குக் கீழேயே நின்று கேப்டனிடம் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வகை தேநீர், இரண்டு வகை காபி, பழத்தட்டு எல்லாம் வைத்திருந்தேன். அவர் கேட்டது வெந்நீர். மூன்று மணி நேரத்தில் நான்கு கப் வெந்நீர், வேறு ஒன்றும் இல்லை. பழத்தட்டை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

பழையசூட்கேஸ்:

விருப்பக் குறிப்பில் உடனே எழுதி வையுங்கள்: வெந்நீர், ஐம்பது நிமிடம் முன்னால். எலுமிச்சை போட்டா போடாமலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த முறை அவரோடு பறப்பது வேறு ஆளாக இருக்கலாம்.

ஜன்னலோரம்:

போடாமல். எழுதிவிட்டேன் அக்கா.